வெயிலில் வைத்த ரொட்டி

"தண்ணி ஆறுதுடி டாக்டரம்மா, உள்ள வா," என்று உம்மு ஷவ்கி அறைக்குள்ளிருந்து கூப்பிட்டாள். ஊரில் எந்தப் பெண் மௌத்தானாலும் உடலைக் குளிப்பாட்டுவது அவள்தான். ரபாப் நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். உள்ளே பலகையின் மேல், வெள்ளைத் துணிக்கு அடியில், அவளுடைய உம்மா சனீயா கிடந்தாள். காலையில்தான் மொட்டைமாடியில் ரொட்டி மாவை வெயிலில் வைத்துக்கொண்டிருந்தாள். இன்னும் மதிய லுஹர் தொழுகைகூட ஆகவில்லை.

"மூத்த பொண்ணு நீ. உன் கைதான் முதல்ல படணும்," என்றாள் தவ்ஹீதா மாமி. வாப்பாவின் அக்கா. "உனக்கென்ன பயம்? காலேஜ்ல தினமும் பொணத்தோடதானே குடித்தனம்!"

சுற்றி நின்ற பெண்கள் ஆமென்று தலையாட்டினார்கள். சாவு வீட்டிலும் அந்தப் பெருமை குறையவில்லை. மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த அன்றே ஊருக்கு அவள் டாக்டராகிவிட்டாள். விடுமுறைக்கு வந்தால் போதும், முட்டிவலிக்காரர்கள் கதவைத் தட்டுவார்கள். இரண்டாம் வருடத்தில் எலும்புகளின் பெயர்தான் தெரியும் என்று சொன்னால், பார் எவ்வளவு அடக்கம் என்பார்கள்.

அடக்கமாவது மண்ணாவது! ரபாப் பிணவறைக்குள் கால் வைத்தே ஒரு மாதம் இருக்கும். படிப்பை விட்டுவிட்டேன் என்று சொல்லத்தான் கல்லூரி இருக்கும் அஸ்யூதிலிருந்து ரயிலேறி வந்திருந்தாள்.

உம்மா பையைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டாள். "தலகாணியத் தூக்கிக்கிட்டு எவளாவது லீவுக்கு வருவாளாடி?" அதற்குமேல் கேட்கவில்லை. இன்று காலை மாடிக்குக் கூட்டிப்போய், களிமண் வட்டுகளில் மாவை உருட்டி வைத்தபடியே கேட்டாள்.

"சொல்லு. அங்க நல்லது என்ன, கெட்டது என்ன? ரெண்டையும் உன் வாயால சொல்லு."

கெட்டதைச் சொல்ல ரபாபுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஒரே அறையில் ஆறு பேர். பாடம் முழுக்க இங்கிலீஷ். எதிரே நின்றாலும் யாருக்கும் நம் முகம் தெரியாது. ராத்திரிக்கு எப்போதும் அவித்த மொச்சை.

"இங்க மட்டும் என்ன, தினம் வாத்துக் கறியா? நல்லதைச் சொல்லு."

கூடப் படிக்கும் ஹதீர் சிரித்தால் கட்டில் ஆடும் என்றாள். சாயங்காலம் பாலத்தில் தனியாக நடக்கலாம், நீ யார் மகள் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள் என்றாள். நூலகத்தில் உட்கார்ந்துவிட்டால் யாரும் டீ கேட்க மாட்டார்கள்.

உம்மாவின் கை நின்றுவிட்டது. "டீ கேக்க மாட்டாங்களா? நாள் முழுக்கவா?"

"நாள் முழுக்க."

"அடேயப்பா!" என்றாள் உம்மா. கொஞ்ச நேரம் வயல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் முள்ளை எடுத்து, ரொட்டிக்குக் காது வருவதற்காக மாவின் ஓரங்களைக் கீறத் தொடங்கினாள்.

"இன்னொண்ணு இருக்கும்மா. அதுதான் பெருசு."

"சொல்லேன்."

ரபாபுக்கு வாய் வரவில்லை. உம்மா வற்புறுத்தவில்லை. "சரி, மாவு பொங்கட்டும். அடுப்புல போட்டுட்டு நிதானமா கேக்கறேன்," என்று எழுந்தாள். எழுந்தவள் சுவரைப் பிடித்தாள். அப்படியே உட்கார்ந்து, அப்படியே சாய்ந்தாள்.

அக்கம்பக்கம் எல்லாம் ஓடிவந்தது. தம்பி ஸைத் வண்டியைக் கிளப்பி வாசலில் நிறுத்திவிட்டான். ஆனால் ஒருத்தரும் உம்மாவைத் தூக்கவில்லை. "டாக்டரம்மாதான் வீட்லயே இருக்காளே! அவ பாக்கட்டும், அவ சொல்லட்டும்!" ரபாப் மணிக்கட்டைப் பிடித்தாள். அத்தனை கண்களும் அவள் முகத்தில். துடித்தது உம்மாவின் நாடியா, தன் விரலா என்று அவளுக்குத் தெரியவில்லை. "தூக்குங்க! ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க!" என்று அவள் கத்துவதற்குள் எவ்வளவு நேரம் போனதோ, அதுவும் தெரியவில்லை. பாதி வழியில் ஸைத் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தான்.

"ரபாப்!" உம்மு ஷவ்கி மறுபடி கூப்பிட்டாள்.

ரபாப் உள்ளே போனாள். இலந்தை இலை போட்ட தண்ணீரை ஊற்ற ஊற்ற, உம்மு ஷவ்கி காட்டிய இடத்தையெல்லாம் துடைத்தாள். தோள், கை, வயிறு. பாதத்துக்கு வந்தபோது கை ஓடவில்லை. போன வாரக் கல்யாணத்தில் வைத்த மருதாணி, நகங்களில் செக்கச்செவேலென்று இருந்தது.

சொல்லாமல் விட்டது இதைத்தான். பிணவறை மேசையில் கிடந்த பெண்ணுக்கும் கால் நகத்தில் மருதாணி இருந்தது. மங்கிப்போய், விளிம்பில் மட்டும். கேட்டு வர ஆளில்லாத உடம்பு என்றார்கள். எல்லாரும் நரம்பைத் தேடியபோது ரபாப் அந்த நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ அவள் காலைத் தன் மடியில் எடுத்து மருதாணி வைத்துவிட்டிருக்கிறார்கள். அப்புறம் யாருமே வரவில்லையா? மறுநாளிலிருந்து அந்தக் கதவைத் தாண்ட முடியவில்லை.

"தேய்க்காத, அது போகாது. அப்படியே போகட்டும்," என்றாள் உம்மு ஷவ்கி.

ரபாப் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

ஆண்கள் அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. தவ்ஹீதா மாமி முற்றத்தில் எல்லார் காதிலும் விழ வாப்பாவிடம் பேசினாள். "படிச்சவரைக்கும் போதும், ஹம்மாம். உனக்கும் பையனுக்கும் ரொட்டி சுட்டுப்போட ஆள் வேணாமா? சனீயாதான் புடிவாதமா அனுப்பி வெச்சா. இனி யாரு கேக்கப் போறா?"

வாப்பா சுவரோரம் போய் உட்கார்ந்தார். வந்திருந்த பெண்கள் ரபாபை ஆறுதலாகப் பார்த்தார்கள். அவள் எதைக் கேட்க ரயிலேறி வந்தாளோ, அதைக் கேட்காமலேயே கையில் கொடுத்துவிட்டார்கள். இனி பிணவறை இல்லை, இங்கிலீஷ் இல்லை. நாள் முழுக்க டீ. ரபாபுக்கு ஓவென்று அலற வேண்டும்போல் இருந்தது. வாங்கிக்கொள்ளவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்ல வாயும் வரவில்லை. எழுந்து மாடிக்குப் போனாள்.

மாவு பொங்கி, தாங்காமல் அமுங்கி, வட்டுகளின் விளிம்பைத் தாண்டி வழிந்திருந்தது. மேலே காய்ந்து வெடித்திருந்தது. அதன் பக்கத்தில் முள். ரபாப் ஒரு வட்டைக் கையில் எடுத்தாள். உள்ளங்கையளவு. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

வீட்டுக்குச் சுடும் ரொட்டி முறம்போலப் பெரிதாக இருக்கும். சின்னதாகப் பிடிப்பது ரயிலில் கொண்டுபோக மட்டும்தான். விடுதியில் ஆறு பேருக்கும் பங்கு வரவேண்டுமே என்று உம்மா அப்படிப் பிடிப்பாள். வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனாள். வீட்டுக்கென்று ஒரு பெரிய ரொட்டிகூட இல்லை. தலையணையைப் பார்த்த பிறகும், கெட்டதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தபோதும் உம்மா இதைத்தான் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ரபாப் அங்கேயே உட்கார்ந்து, முக்காட்டுத் துணியை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

பிறகு வட்டுகளைப் பெரிய தட்டில் அடுக்கித் தூக்கிக்கொண்டு இறங்கினாள். முற்றத்தில் பேச்சு நின்றது. பெண்களைத் தாண்டிப்போய் அடுப்பின் முன்னால் தட்டை வைத்துவிட்டு, சோளத் தட்டையை ஒடித்து உள்ளே திணித்தாள்.

"என்னடி பண்ற?" மாமி பதறி எழுந்தாள். "சாவு விழுந்த வீட்ல அடுப்பா? ஊரே சோறு கொண்டு வருது! புளிச்ச மாவு, வாத்துக்குப் போடு!"

"சனிக்கிழமை ரயிலுக்கு வேணும் மாமி."

"அல்லாஹ்வே! பெத்தவளப் பொதைச்ச ஈரம்கூடக் காயலையே! படிப்பு இவ மனச இப்படிக் கல்லாக்கிருச்சே!"

ரபாப் சுவரோரம் உட்கார்ந்திருந்த வாப்பாவின் பக்கம் திரும்பினாள். அவருடைய அங்கியின் விளிம்பில் இன்னும் கபர்க்குழி மண் ஒட்டியிருந்தது.

"வாப்பா," என்றாள். "தீப்பெட்டி."

அவர் நிமிரவில்லை. தட்டிலிருந்த சின்னச் சின்ன ரொட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வாப்பாவின் கை மெதுவாக அங்கிப் பைக்குள் போனது.