மழை நாளில் தார் டேங்க்

குறிஞ்சிப்பாடிக்கு அருகே, ரோடு போடத் தார்க்கலவை தயாரிக்கும் ஒரு பிளாண்டில், தார் டேங்கைச் சூடாக வைத்திருப்பது என் வேலை. வீட்டில் அடுப்பில் வைத்த பாலைப் பொங்கவிட்டுவிடுவேன்; ஆனால் அந்த டேங்க் மட்டும் என் பேச்சைக் கேட்கும்.

சிதம்பரம் சாலையில் ஒரு பள்ளம். என் மனைவி ஜோதிலட்சுமி ஸ்கூட்டரோடு அதில் விழுந்து கையை ஒடித்துக்கொண்டாள். இந்த வாரமே அதை மூடிவிடுவோம் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். வாரத்தின் கடைசி வேலைநாளான சனிக்கிழமை காலையில் மழை பிடித்துக்கொண்டது.

"பர்னரை அணைச்சிடு மச்சான், இன்னிக்கு வேலை இல்ல," என்றான் சூப்பர்வைசர் சிற்றம்பலம்.

"அணைச்சா இறுகிடும். திரும்ப உருக ராத்திரி ஆயிடும்."

"அப்போ சூட்ட ஜாஸ்தியா வச்சிடு."

"வச்சா தாரு தீஞ்சிடும். போட்ட ஒரு மாசத்துல ரோடு பேந்துக்கும்."

"ஒரு பள்ளத்துக்கு இவ்ளோ டீசலா?"

"என் பொண்டாட்டி விழுந்த பள்ளம். அவளுக்கு நீ வந்து பதில் சொல்றியா?"

அவன் குடையை எடுத்துக்கொண்டு ஆபீஸ் பக்கம் நடந்தான். தீயைக் குறைத்து, தார் இறுகாமல் சுற்றிவர பம்பை ஓடவிட்டு, சாப்பாட்டையும் சூடு காட்டும் மீட்டர் பக்கத்திலேயே முடித்தேன்.

இரண்டு மணிக்கு மழை விட்டது. ஆட்கள் பள்ளத்துத் தண்ணீரை இறைத்துக் காயவைத்து நிமிர்ந்தபோது, ஆவி பறக்கும் கலவையோடு எங்கள் லாரி போய் நின்றது.

மறுநாள் ஜோதிலட்சுமியை அங்கே அழைத்துப்போனேன். காலால் இரண்டு மிதி மிதித்துப் பார்த்தவள், போட்டோ எடுத்துத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டாள்: 'எங்க வீட்டுக்காரர் போட்ட ரோடு.'

"நான் எங்கடி போட்டேன்? சூடு மட்டுந்தான் என்னுது."

"சூடு இல்லன்னா ரோடு ஏது? சும்மா இருங்க."

அடக்கமாக இருக்கத்தான் பார்த்தேன். அந்தப் படத்துக்கு முதல் லைக் போட்டது நான்தான்.