கதவில் ஒட்டிய பெயர்

கார் கம்பெனியிலிருந்து வந்த அந்த ஆளுக்கு நான் வைத்த பெயர் இளிப்பு. பெற்றவர்கள் வேறு ஏதாவது வைத்திருப்பார்கள். நல்லதுக்கும் இளிப்பான், கெட்டதுக்கும் இளிப்பான். இவன் சாவு வீட்டுக்குப் போனால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வான் என்று நான் யோசித்ததுண்டு. பிறகு அதையும் கிட்டத்தட்டப் பார்க்க வேண்டி வந்தது.

எங்கள் பட்டறைக்குள் அவன் முதலில் நுழைந்தபோது கையில் அளவு டேப் இருந்தது. என் தம்பி டிராக் ரேஸ் ஓட்டுகிறவன். அதில் வளைவு நெளிவு ஒன்றும் கிடையாது. நேர்ச்சாலை, இரண்டு கார், பச்சை விளக்கு எரிந்ததும் மிதிக்க வேண்டியது, முதலில் கோட்டைத் தாண்டுகிறவனுக்கு வெற்றி. பார்க்க வந்தவன் நன்றாக ஒரு கொட்டாவி விட்டால் பாதிப் பந்தயம் போய்விடும். அதற்காக நாங்கள் இரண்டு பேரும் வருஷம் முழுக்க கிரீஸில் குளிப்போம். ஓட்டுவது அவன். இஞ்சினும் வெல்டிங்கும் என் வேலை.

அந்த வருஷம் கம்பெனி ஒரு திட்டம் போட்டிருந்தது. அவர்கள் தயாரித்த காரில், அவர்கள் பெயரைக் கதவில் ஒட்டிக்கொண்டு, சீசனின் கடைசிப் பந்தயத்தில் ஜெயிப்பவருக்குப் பரிசுப் பணம். அது மட்டுமில்லை, அடுத்த சீசனுக்குப் புதுக் கார், டயர், பெட்ரோல் எல்லாம் அவர்கள் பொறுப்பு. எங்களுடையதும் அவர்கள் தயாரித்த கார்தான், யாரோ ஓட்டி அலுத்து விற்றது. இந்த ஆதரவு கிடைக்காவிட்டால் தம்பியின் ரேஸ் அந்த வருஷத்தோடு சரி. எங்களிடம் டயர் வாங்கக்கூட வக்கில்லை. அதனால் இளிப்பு டேப்பை வைத்துக் கதவை அளந்தபோது வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

“இது என்ன எழுத்து மேடம்?”

“என் பட்டறை பேரு.”

“நம்ம பேருக்கு மேல வேற பேரு இருக்கக் கூடாதே. ரூல்.”

“அப்ப கீழ எழுதிக்கிறேன்.”

“கீழயும் வேணாமே மேடம். பார்க்கிறவங்களுக்குக் குழப்பம்.” இளித்தான்.

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான். பெயின்ட் சுரண்டும் பட்டித் தகட்டை எடுத்து என் பெயரை நானே சுரண்டினேன். தம்பி பக்கத்தில் நின்று, “விடு அக்கா, பேரு சோறு போடுமா?” என்றான். அவர்கள் பெயரை ஒட்டும்போது ஒரு குமிழிகூட வராமல் உள்ளங்கையால் நீவி விட்டதும் அவன்தான்.

அந்தக் காரில் வெளித்தகடு மட்டும்தான் கம்பெனியுடையது. உள்ளே, ஓட்டுகிறவனைச் சுற்றி, இரும்புப் பைப்பை வளைத்து நான் பற்றவைத்த கூண்டு இருந்தது. கார் உருண்டாலும் கூரை அவன் மண்டையில் உட்காராமல் தாங்குவது அதுதான். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னாலும் தம்பி கையைத் தூக்கி, தலைக்கு மேலே போகும் பைப்பை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவான். டொக் டொக். அந்தச் சத்தம் காதில் விழுந்த பிறகுதான் நான் கதவைச் சாத்துவேன். எங்களுக்குச் சகுனம், நேரம், காலம் எதிலும் நம்பிக்கை இல்லை. இந்தத் தட்டு ஒன்றுதான்.

கடைசிப் பந்தயத்தில் தம்பி ஜெயித்தான். அதில் சந்தேகமே இல்லை, ஒரு கார் நீளம் முன்னால் போய்க் கோட்டைத் தாண்டினான். அப்புறம் பிரேக் பிடித்தபோது காரின் பின்பக்கம் ஒரு பக்கமாக இழுத்தது. பக்கச் சுவரில் மோதி உருண்டது. எத்தனை தடவை உருண்டது என்று பிறகு பலர் சொன்னார்கள். நான் எண்ணவில்லை, ஓடிக்கொண்டிருந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் ஆட்கள் அவனை வெளியே இழுத்துக் கீழே கிடத்தியிருந்தார்கள். கண் மூடியிருந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. யாரோ என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். திரும்பினால், காருக்குப் பக்கத்தில் இளிப்பு முட்டி போட்டு உட்கார்ந்திருக்கிறான். கையில் என் பட்டித் தகடு. என் பெட்டியைத் திறந்து எடுத்திருக்கிறான். நசுங்கிய கதவிலிருந்து கம்பெனிப் பெயரைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

“என்ன சார் பண்றீங்க?”

“மேல இருந்து போன் வந்துச்சு மேடம். போட்டோக்காரங்க வர்றதுக்குள்ள… தம்பிக்கு ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சுன்னா, நம்ம பேரு…” பாதியில் நிறுத்திவிட்டு இளித்தான். பழக்கம், விடுமா?

மாடு செத்தால் உண்ணி கழன்றுவிடும் என்பார்கள். இந்த உண்ணிக்கு அதுவரைகூடப் பொறுமை இல்லை. வாயில் ஊறிய எச்சிலை அங்கேயே துப்பிவிட்டு ஆம்புலன்ஸில் ஏறினேன்.

தம்பி பிழைத்தான். தோள் எலும்பும் விலா எலும்பும் உடைந்ததோடு போயிற்று. கார்த் தகடு பழைய பேப்பர் மாதிரி கசங்கிக் கிடந்தது, கூண்டில் ஒரு பைப்கூட வளையவில்லை. பந்தயம் நடத்தியவர்கள் வெற்றி அவனுக்குத்தான் என்று அறிவித்தார்கள். கம்பெனிப் பரிசுக்கு ஆசைப்பட்டு இளிப்புக்குப் போன் போட்டேன்.

“வருத்தமா இருக்கு மேடம். ஓட்டம் முடிஞ்சு பரிசோதனை பண்றப்ப கதவுல ஸ்டிக்கர் இல்லையாம். ரூல்படி குடுக்க முடியாது.”

“சுரண்டினதே நீங்கதானே!”

“யாரு எடுத்தாங்கங்கறது கேள்வி இல்ல மேடம். இருந்துச்சா, இல்லையா? அதுதான் ரூல்.”

போனிலும் இளிப்பது கேட்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அதற்குள் யாரோ எடுத்த வீடியோ உலகம் பூராவும் சுற்ற ஆரம்பித்துவிட்டது. கார் உருளுகிறது, நிற்கிறது, ஆளை இழுத்துப் போடுகிறார்கள், கொஞ்ச நேரத்தில் அவன் கண்ணைத் திறந்து கட்டைவிரலைக் காட்டுகிறான். ‘என்ன கார் இது, இவ்வளவு உறுதியா?’ என்று கேட்காத வாய் இல்லை. வீடியோ வந்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி அறையில் பழக்கூடையோடு இளிப்பு. கூடை மேலே கம்பெனி ஸ்டிக்கர். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுமாம், இந்த ஓநாய் அழக்கூட இல்லை.

“தம்பி, உங்களை நினைச்சு எங்க ஆபீஸ்ல யாரும் தூங்கல. ரூலைக் கொஞ்சம் தளர்த்திட்டோம். பரிசுப் பணம், புதுக் கார், ஆதரவு எல்லாம் உண்டு. காமிரா முன்னாடி ஒரே ஒரு வரி சொன்னாப் போதும். மத்ததெல்லாம் புதுக் காரோட முதல் ஓட்டம் முடிஞ்சதும் கைக்கு வந்துடும்.”

“என்ன வரி?” என்றேன் நான்.

“காப்பாத்தினது எங்க காரோட பாடின்னு.”

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் பழக்கூடையைப் பார்த்தான்.

படம் பிடிக்க எங்கள் பட்டறைக்கே வந்தார்கள். நசுங்கிய காரை நடுவில் இழுத்து நிறுத்தினார்கள். சுரண்டிய கதவில் புது ஸ்டிக்கரை ஒட்டினார்கள். உள்ளே தெரிந்த கூண்டுப் பைப்புகளைக் கறுப்புத் துணியால் சுற்றி மறைத்தார்கள், பிணத்துக்குச் சுற்றுகிற மாதிரி. காயமே படாத நெற்றியில் ஒரு பெண் கட்டுப் போட்டு, கொஞ்சம் சிவப்பும் தடவினாள். தம்பி வாகாகத் தலையைச் சாய்த்துக் காட்டினான். பிறகு காமிராவைப் பார்த்து, தடுமாறாமல், ஒரே தடவையில் சொன்னான்.

“இன்னிக்கு நான் உயிரோட நிக்கறேன்னா, இந்தக் காரோட பாடிதான் காரணம்.”

எல்லோரும் கை தட்டினார்கள். இளிப்பு மேல் எனக்கு இருந்த அருவருப்பு அந்த நிமிஷத்தில் ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது. அவன் கூலிக்கு இளிக்கிறவன். இவன் என் தம்பி. மூக்கு ஒழுகும்போது நான் துடைத்துவிட்ட மூஞ்சி அது.

எல்லோரும் போன பிறகு பக்கத்தில் வந்து நின்றான்.

“வெறும் வாய் வார்த்தைதானே அக்கா. உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். போதாதா?”

“போடா” என்றேன். கூண்டைச் சுற்றியிருந்த கறுப்புத் துணியை அவிழ்க்க ஆரம்பித்தேன்.

எலும்பு கூடியதும் புதுக் கார் வந்தது. பளபளவென்று வந்து நின்றது. தம்பி அதைச் சுற்றிச் சுற்றி வந்தான், தடவினான், கண்ணாடியில் முகம் பார்த்தான். கோபம் வேறு, வேலை வேறு. நான் பைப் அளவெடுக்கக் கதவைத் திறந்தேன்.

“மேடம், அது வேணாம்” என்றான் இளிப்பு.

“எது?”

“கூண்டு. பாடிதான் காப்பாத்துச்சுன்னு தம்பியே சொல்லிட்டாரு. விளம்பரம் எல்லா ஊர்லயும் ஓடுது. இப்ப உள்ள பைப் தெரிஞ்சா ஜனங்க கேப்பாங்கல்ல?”

“கூண்டில்லாம ஓட விடுவாங்களா?”

“முதல் ஓட்டம் போட்டி இல்ல மேடம், சும்மா காட்சிக்கு. அந்த விதி இதுக்குக் கிடையாது. பேசி முடிச்சாச்சு.”

“காட்சின்னா வேகம் கம்மியா?”

“வேகம் அதேதான். இல்லைன்னா யாரு பார்க்க வருவா?” இளித்தான்.

நான் தம்பி முகத்தைப் பார்த்தேன். அவன் என் கண்ணைப் பார்க்காமல், “ஒரே ஒரு ஓட்டம்தானே அக்கா. ஜாக்கிரதையா ஓட்டிக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டே உள்ளே ஏறி உட்கார்ந்தான். சீட்டை இழுத்துச் சரி செய்தான். பெல்ட்டை மாட்டினான். ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தான். நான் கதவைப் பிடித்தபடி நின்றேன். வாயைத் திறந்தால் ஏச்சுதான் வரும், ஏச்சைக் கேட்டால் வீம்புக்கு ஓட்டுவான்.

அப்போது அவன் கை தானாக மேலே போனது.

பொத்.

கூரையில் ஒட்டியிருந்த மெத்தைத் துணியில் விரல் முட்டி அமுங்கியது. இன்னொரு தடவை தட்டினான். பொத். தலையைத் தூக்கிப் பார்த்தான். துணிக்கு அந்தப் பக்கம் மெல்லிய தகடு, அதற்கு மேல் ஒன்றுமில்லை. விரலால் அமுக்கினான், அமுக்கிய இடம் உள்வாங்கிவிட்டுத் திரும்பி வந்தது. கையைக் கீழே இறக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

“கதவைச் சாத்துங்க மேடம், ஒரு போட்டோ எடுத்துக்கலாம்” என்றான் இளிப்பு.

நான் சாத்தவில்லை. தம்பி பெல்ட்டைக் கழற்றினான், இறங்கினான். சாவியை என்னிடம் நீட்டினான்.

“நீயே குடுத்துடு அக்கா.”

“சொன்ன வாய் உன்னோடது. குடுக்கிற கையும் உன்னோடதா இருக்கட்டும்.”

அவனே போய்க் கொடுத்தான். “அந்த விளம்பரத்தையும் நிறுத்திடுங்க சார். காப்பாத்தினது எங்க அக்கா போட்ட கூண்டு. யாரு கேட்டாலும் இனிமே அதைத்தான் சொல்லுவேன்.”

இளிப்பு சாவியை வாங்கிக்கொண்டு போனை எடுத்தான், வெளியே போய் யாரிடமோ பேசினான், திரும்பி வந்தான். வாசலில் ஒரு மூலையில் கிடந்த எங்கள் நசுங்கிய காரைக் காட்டினான்.

“அப்படின்னா மேடம்… அந்தக் கதவுல நம்ம பேரு இருக்கே…”

பெட்டியைத் திறந்து பட்டித் தகட்டை எடுத்து அவன் கையில் வைத்தேன்.

“பழகின வேலைதானே சார். உக்காருங்க.”

உட்கார்ந்தான். வெயிலில் கிடந்து இறுகிப் போயிருந்த ஸ்டிக்கர் லேசில் வரவில்லை, துணுக்குத் துணுக்காகத்தான் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் நின்று பார்த்தோம். முட்டி போட்டபடி சுரண்டிக்கொண்டே எங்களைத் திரும்பிப் பார்த்தான். அப்போதும் இளித்தான்.