அப்படி யாரும் இல்லை

பெட்டிக் கண்ணாடியில் மறுபடியும் பனி படிந்துவிட்டது. வைரவன் தோள் துண்டை எடுத்து அழுத்தித் துடைத்தார். துடைத்த இடத்தில் மனைவி தங்கபுஷ்பத்தின் மூக்குத்தி தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் மங்கியது.

"இன்னா பெர்சு, மூடிய தொறந்து தொறந்து பாத்துகினு இருந்தா கூலிங் எப்டி நிக்கும்?" என்றான் ஐஸ் பெட்டி கொண்டுவந்த உமர் ஃபாரூக்.

"நான் தொறக்கல."

"காலைலேர்ந்து நாலு தபா தொறந்துகீற. மீட்டர் சொல்து."

"ஒன் மீட்டர நீயே நம்பிக்கோ."

உமர் ஃபாரூக் சிரித்துக்கொண்டே பிளக்கை அழுத்திப் பார்த்தான். வீட்டில் பெரிய பிளக் ஒன்றுதான். ஃப்ரிஜ்ஜைப் பிடுங்கிவிட்டுத்தான் பெட்டியை மாட்டியிருந்தார்கள். ஃப்ரிஜ்ஜுக்குள் புதன்கிழமை அவள் ஆட்டி வைத்த மாவு அப்படியே கிடந்தது. வியாழன் விடியக் காபி போட எழுந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததுதான்.

"சாய்ந்தரம் வண்டி இட்டாரேன்," என்று சொல்லிவிட்டு உமர் போனான்.

பெருங்குடியிலிருந்து வந்திருந்த கொழுந்தியாள் இசக்கியம்மாள் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். வைரவன் சேலையின் முந்தியை இரண்டு விரலால் நெருடினார். தி.நகர் ஜவுளிக்கடையில் நாற்பத்தோரு வருஷம் நின்ற விரல்.

"பட்டுன்னா சொன்னான்?"

"ஆமா அத்தான்."

"பாலியஸ்டர். ஒன்னய ஏமாத்திட்டான்."

"செத்தவ எந்திரிச்சு வந்து கேக்கவா போறா? நீங்க ஒருத்தர்தான் ஒலகத்துல ஏமாறாத ஆளு!" என்று இசக்கி மூக்கைச் சிந்தினாள். "அஞ்சரைக்கு எடுத்துரணும், ஆமா. விடிஞ்சா சனிக்கெழம. அப்புறம் கோழிக்குஞ்சு தேடணும் பாடையில கட்ட. இல்லன்னா அடுத்தாப்புல ஒரு உசுரு போவும்னு ஊர்ல சொல்லுவாவ."

"போனா நான்தான். போட்டும்."

"வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்க."

ஆனந்தகுமார் வராமல் எடுப்பதில்லை என்று அவர் நேற்றே சொல்லிவிட்டார். ஒரே மகன். லண்டனில் வேலை. அவன் கையால்தான் கொள்ளி என்று தங்கபுஷ்பம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். "நீங்க வச்சிராதீங்க. அடுப்புப் பத்தவைக்கவே தெரியாது ஒங்களுக்கு. பாதி வெந்தும் வேகாமலும் கெடப்பேன்" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் சொல்வாள்.

பதினொன்றரைக்கு மாடி ராஜகோபாலன் முகக்கவசத்தோடு வாசலில் வந்து நின்றார். கையில் போன்.

"வைரவன், ஃப்ளைட் பம்பாய்ல எறங்கிடுத்து. இதுல காட்டறது. ஆனா இந்தக் காய்ச்சல் கிளம்பினதுலேர்ந்து வெளிநாட்டுலேர்ந்து வரவாள ஒவ்வொருத்தரா நிறுத்திண்டு, ஃபார்ம் வாங்கிண்டு, டெஸ்ட் பண்ணிண்டு ஏக அமர்க்களமா இருக்காம். அடுத்த ஃப்ளைட்டுக்கு ரெண்டு மணி நேரம்தான். பிடிச்சுட்டான்னா நாலரைக்கு இங்க இருப்பான்."

"பிடிச்சிருவான்," என்றார் வைரவன்.

பன்னிரண்டு மணி வாக்கில் அலமாரி மேலிருந்த தங்கபுஷ்பத்தின் போன் அடித்தது. மகன் எப்போதும் அதில்தான் கூப்பிடுவான். அதனால் நேற்றும் அவர் அதை சார்ஜில் போட்டு வைத்திருந்தார். திரையில் பெயர் இல்லை. வெறும் நம்பர். எடுத்தார்.

"ஹலோ, தங்கபுஷ்பம் மேடமா?" இந்தி வாடையடிக்கும் தமிழ். "ஏர்போர்ட் ஹெல்த் டெஸ்க். ஆனந்தகுமார் உங்க சன்தானே? இங்க நிறுத்தி வெச்சிருக்கோம். வீட்டு அட்ரஸ் சொல்லுங்க. வீட்ல எத்தனை பேர் இருக்கீங்க?"

வைரவனுக்குப் புரிந்துவிட்டது.

ஐப்பசியில் இதே மாதிரி ஒருத்தன் பேசினான். உங்கள் பையனை ஏர்போர்ட்டில் பிடித்து வைத்திருக்கிறோம், பணம் அனுப்பினால் விடுவோம் என்றான். தங்கபுஷ்பம் தலைவிரி கோலமாகத் தெருவரைக்கும் ஓடினாள். ஆனந்து லண்டனில் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தான். அன்றைக்கே அவளை உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்.

"எவன் கேட்டாலும் ஒரே பேச்சு. அப்படி யாரும் இல்ல. எங்க, சொல்லு."

"அது எப்படிங்க? பெத்த பிள்ளைய இல்லன்னு இந்த வாயால..."

"சொல்லுட்டி."

"நீங்களே சொல்லிக்கோங்க," என்று எழுந்து மாவாட்டப் போய்விட்டாள்.

இப்போது அவர் சொன்னார். "அப்படி யாரும் இங்க இல்ல."

"சார், ஒரு நிமிஷம், ஆனந்தகுமார் வைரவன்..."

"இல்லங்கேன்லா. எனக்குப் பிள்ளையே கெடயாது. வைடா போன!"

"யாரு அத்தான்?" என்றாள் இசக்கி.

"திருட்டுப் பய. எழவு வீட்டக்கூட விடமாட்டேங்கான். வீட்ல எத்தனை பேருன்னு கேக்கான், எத்தனை பேருன்னு." பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தியா, இப்படித்தான் சொல்லணும் என்று சொல்வது போல இருந்தது அவர் நின்ற நிலை.

இரண்டு மணிக்கு அவருடைய போனிலேயே ஆனந்து கூப்பிட்டான்.

"அப்பா, ஃப்ளைட் போயிருச்சுப்பா."

"போயிருச்சா? காய்ச்சலாடே ஒனக்கு?"

"அதெல்லாம் இல்ல. டெஸ்ட்டு சரியாத்தான் வந்துச்சு. ஊர்ல ஒரு ஆள் அட்ரஸ உறுதிப்படுத்தணும், அப்பதான் அனுப்புவோம்னாங்க. ஃபார்ம்ல நம்பர் கேட்டிருந்துச்சு. கை தானா அம்மா நம்பர எழுதிருச்சு. அவங்க கூப்பிட்டாங்களாம். அப்படி யாரும் இல்லன்னு யாரோ சொல்லிட்டாங்களாம். ஃபார்ம் பொய்யின்னு என்னைத் தனியா உக்கார வச்சுட்டாங்க. கெஞ்சிப் பாத்தேன். அம்மா செத்துட்டாங்க சார்னா, அப்ப எதுக்கு அவங்க நம்பர எழுதினன்னு கேக்கறாங்க. வீட்டு ஆளு வேண்டாம், வேற யாராவது சொல்லணும்னாங்க. கடைசியா மாடி மாமா பேசினப்புறம்தான் விட்டாங்க. அதுக்குள்ள ஃப்ளைட்டு கெளம்பிருச்சு."

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. ராஜகோபாலன் பாதிப் படியிலேயே நின்றுவிட்டார்.

"அம்மா போன யாருப்பா எடுத்தது?"

இசக்கி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"நான்தான்."

அந்தப் பக்கம் இந்தியில் ஏதோ அறிவிப்பு கேட்டது. ஒரு குழந்தை அழுதது.

"சரிப்பா," என்றான். "அடுத்தது ராத்திரிதான். அதுலயும் எடம் இருக்கான்னு தெரியல. நீங்க எடுத்துருங்க. சனிக்கெழம ஆக வேண்டாம். அம்மா அதெல்லாம் பாப்பா."

"மூஞ்சியாவது பாருடே. இசக்கி போன்ல காட்டுவா."

"வேண்டாம்ப்பா."

வைத்துவிட்டான். வைரவன் துண்டை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். யாராவது ஏதாவது கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பார்.

கிருஷ்ணாம்பேட்டை மயானத்தில் கரண்ட் அடுப்புக்குள் தள்ளும் முன் நெஞ்சின் மேல் கற்பூரம் வைத்தார்கள். தீப்பெட்டியை அவர் கையில் கொடுத்தார்கள். முதல் குச்சி ஒடிந்தது. இரண்டாவது பற்றி, அணைந்தது. மூன்றாவதை உரசவே வரவில்லை.

பின்னால் நின்ற உமர் ஃபாரூக் கிட்டே வந்தான். "காத்து அடிக்குது பெர்சு. நா கைய வச்சு மறச்சிக்கிறேன். நீ மெதுவா உரசு."

பற்றிக்கொண்டது.

வீட்டுக்கு வந்து தலை முழுகினார்கள். பெட்டி கிடந்த இடத்தைக் கழுவிவிட்டு இசக்கி ஒரு விளக்கை ஏற்றினாள். ராஜகோபாலன் சாப்பாடு தருவதாகச் சொன்னார் என்று தூக்குவாளியோடு மாடிக்குப் போனாள். வைரவன் ஃப்ரிஜ் பிளக்கைத் திரும்ப மாட்டினார். கதவைத் திறந்தார். மாவு பொங்கிப் பாத்திரத்தைத் தாண்டி, தட்டெல்லாம் வழிந்து, காய்ந்திருந்தது. புளித்த வாடை முகத்தில் அடித்தது. துடைக்கவில்லை. மூடிவிட்டார்.

அலமாரி மேல் அவள் போன் அடித்தது.

பெயர் இல்லை. வெறும் நம்பர். இரண்டாவது மணி அடிக்குமுன் எடுத்துவிட்டார்.

"ஆமா," என்றார். "ஆனந்தகுமார் எம் மவன்தான்."

"வணக்கம்! உங்கள் எண்ணுக்கு ஒரு சிறப்புச் சலுகை காத்திருக்கிறது..." என்றது ஒரு பெண் குரல். பதிவு செய்து ஓட விட்ட குரல் என்று அவருக்குத் தெரியும். வழக்கமாக முதல் வார்த்தையிலேயே வைத்துவிடுவார்.

அது மூச்சு விடாமல் பேசிக்கொண்டே இருந்தது. வைரவனும் பேசினார். கதவு எண் சொன்னார். தெரு சொன்னார். மயிலாப்பூர் என்றார். முன்வாசலில் நந்தியாவட்டைச் செடி இருக்கும், கீழ் போர்ஷன் என்றார். வைரவன் மகன் ஆனந்தகுமார் என்று இன்னொரு தடவை நிறுத்திச் சொன்னார்.

"வீட்ல எத்தனை பேருன்னு கேட்டீயளே..."

குரல் பேசி முடித்து அடங்கிவிட்டது. அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அடுப்படியில் ஃப்ரிஜ் ஒரு குலுக்குக் குலுங்கி ஓடத் தொடங்கியது.