குழாயின் சூடு குறையக் கூடாது

லாரியின் பின்பெட்டிக்குள் மூன்று பேர். காலி டிரம்மின் மேல் அண்ணன், லாரியை ஓட்டுகிறவன். சுருட்டி வைத்த குழாயின் மேல் எலக்ட்ரீஷியன் மாப்பிள்ளை. அவருடைய மனைவி, அதாவது அண்ணனின் தங்கை, கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து மடியில் நோட்டை விரித்திருந்தாள். நுரை அடிக்கும் துப்பாக்கியைப் பிடிப்பவள் அவள்தான். கீழே, கதவை ஒட்டி, வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டர்.

முதியோர் இல்லத்தில் யாரும் குடிவராத புதுப் பகுதிக்குக் கூரையடியில் வெயில் சூட்டைத் தடுக்கும் நுரை அடிக்க வேண்டும். கட்டிடத்து மின்சாரத்தை மட்டும் தொடக்கூடாது. பக்கத்துப் பகுதியில் மூச்சுக்கருவிகள் ஓடுகின்றன. மெஷின்களை எதில் ஓட்டுவீர்கள் என்பதை வெள்ளிக்கிழமைக்குள் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

போன மாதம் ஒரு வீட்டு மின்சாரத்தை நம்பி அடித்த நுரை இறுகாமல் பிசுபிசுத்துப் போனது. மூன்று நாள் உட்கார்ந்து சுரண்டினாள். அதன் பிறகு ஒருவரும் கூப்பிடவில்லை. இந்த வேலையும் கைநழுவினால் லாரியை விற்றுவிடுவதாக அண்ணன் சொல்லிவிட்டான். துப்பாக்கியைக் கீழே வைக்க அவளுக்கோ மனமில்லை.

"எல்லா மெஷினோட கணக்கையும் கூட்டிப் பாத்துட்டேன். இந்த ஜெனரேட்டரே தாராளம்," என்றான் அண்ணன்.

"மச்சான், மெஷின் தகட்டுல எழுதியிருக்கிறது ஓடுறப்போ இழுக்கிற கணக்கு. கெளம்புறப்போ மோட்டார் பகாசுரன் மாதிரி விழுங்கும். இதுல ரெண்டு மடங்கு பெரிசு வேணும்."

"பெரிசு வெச்சா வண்டி தூக்காது மாப்ள. ரெண்டு டிரம்மும் நெறஞ்சிருந்தா நீங்க நடந்துதான் வரணும்."

"ரெண்டு பேரும் வாய மூடுங்க, ஓட்டிப் பாத்துடலாம்," என்றாள் அவள்.

டிரம்முக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு திரவமும் குழாய் வழியே ஒரே சூட்டில் வந்து துப்பாக்கி முனையில் கலந்தால்தான் நுரை பொங்கி இறுகும். அட்டையில் அடித்தாள். அழகாகப் பொங்கியது. திடீரென்று விளக்கு மங்கியது. குழாயின் சூடு காட்டும் முள் சரிந்தது. நுரை பிசினாய் ஒட்டியது.

"நான் சொன்னேன்ல?" என்றார் மாப்பிள்ளை. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவள் விடவில்லை. ஒரு மணி நேரம் ஓடவிட்டு, முள் சரிந்த நேரத்தையெல்லாம் குறித்தாள். ஏழு முறை. ஏழும் காற்று அடைக்கும் கம்ப்ரசர் நின்று மறுபடி கிளம்பிய நேரங்கள்.

"ஏங்க, மத்ததுக்கெல்லாம் இந்த ஜெனரேட்டர் போதுந்தானே? கம்ப்ரசரை மட்டும் இதுலேருந்து பிரிச்சிட்டா?"

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். "அப்ப அதை எது சுத்தும்? உங்க அண்ணனா?"

"ஷெட்ல கான்கிரீட் கலக்குற மெஷினோட டீசல் இன்ஜின் சும்மாதானே கிடக்கு. பெல்ட் மாட்டி ஓட்டுவோம்."

"அடிப்பாவி," என்றான் அண்ணன், சிரிப்பை அடக்க முடியாமல். "அந்த இன்ஜினை நாலு வருஷமா நான்தான் தினம் இடிச்சுக்கிட்டுப் போறேன். எனக்குத் தோணல பாரு!"

பெல்ட் பொருத்தி, புகைபோக்கியை லாரிக்கு வெளியே திருப்பிவிட இரண்டு நாளாயிற்று. வியாழன் காலை ஒரு மணி நேரம் விடாமல் அடித்தாள். முள் அசையவில்லை. ஆறிய நுரையை மாப்பிள்ளை நகத்தால் கீறிப் பார்த்தார்; நன்றாக இறுகியிருந்தது. அண்ணன் எடைமேடைக்கு வண்டியைக் கொண்டுபோய்ச் சீட்டு வாங்கி வந்தான். எடை வரம்புக்குள் இருந்தது.

பிறகு அவள் எழுத உட்கார்ந்தாள். ஜெனரேட்டரின் அளவு, தனியாக ஓடும் கம்ப்ரசர், லாரி நிற்க வேண்டிய தூரம், முதலில் ஒரு மூலையில் மட்டும் அடித்துக் காட்டும் யோசனை. அடுத்த பத்தியில் போன மாதம் நடந்தது.

தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த அண்ணன் பதறினான். "அதை ஏம்மா எழுதுற? நாமளே போய்க் கழுத்தை நீட்டணுமா?"

"ஊரே பேசுதுண்ணா. எப்படிச் சரி பண்ணோம்னு யாரும் பேச மாட்டாங்க. அதை நாமதான் சொல்லணும்."

அண்ணன் எடைச்சீட்டை எடுத்துக் கடிதத்தோடு சேர்த்து வைத்தான். அவள் உறையை ஒட்டி, ஓரங்களைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தினாள். மாப்பிள்ளை சைக்கிளில் கொண்டுபோய், மதியத் தபால் கட்டுவதற்குள் அஞ்சலகத்தில் சேர்த்துவிட்டார்.