மெதுவான பகுதியின் இரண்டாம் முறை

நவம்பர் ஒன்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்கு, வானொலி நிலையத்தின் பின்கட்டு அலுவலகத்தில், பியானோக் கலைஞர் தேர்வுக்கான ஒலிப்பதிவுகளைப் பெறுவது நிறுத்தப்பட்டது.

அன்று மூன்றரைக்குப் பியானோக்காரி இன்னும் கொழுந்தனின் ஒலிப்பதிவு அறையில்தான் இருந்தாள். இருந்தாள் என்பதைவிட நடந்தாள் என்பது சரி. கதவுக்கும் ஜன்னலுக்கும் இடையே குட்டி போட்ட பூனையாக அலைந்தாள். ஏற்கெனவே இரண்டு முறை தேர்வில் தவறியவள். மூன்று முறைக்கு மேல் யாரும் விண்ணப்பிக்க முடியாது.

“கொஞ்சம் உக்காருங்க அண்ணி. தரை தேயுது.”

“நீ போடு, கேப்போம்.”

கொழுந்தன் பதிவை ஓடவிட்டான். பியானோவுக்கான மேற்கத்திய இசைப்படைப்பு ஒன்றின், ஒரு சொனாட்டாவின், மெதுவான பகுதி. முதல் பாதியை இரண்டு முறை வாசிக்க வேண்டும் என்று இசைத்தாளில் குறி போட்டிருந்தது. முதல் முறை முடிந்து இரண்டாம் முறை தொடங்கியதும் அவள் நடை நின்றது.

“இதை எங்கேயிருந்து எடுத்தே?”

“எதை?”

“ரெண்டாவது தடவை வர்றதை. இது நான் வாசிச்சது இல்ல.”

“நீங்கதான் வாசிச்சீங்க. பின்ன, உங்க ஆவி வந்தா வாசிச்சுது?” என்று சிரித்தவன், அவள் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்லிவிட்டான். இரண்டாம் முறையின் முடிவில், எல்லாம் அடங்கிய இடத்தில், அவள் நாற்காலி கிறீச்சிட்டிருந்தது. அதனால் முதல் முறை வாசித்ததையே நகலெடுத்து அங்கே ஒட்டிவிட்டான். “ஒட்டு தெரியுதா சொல்லுங்க? ரெண்டுக்கும் நோட்ஸ் ஒண்ணுதானே?”

“நோட்ஸ் ஒண்ணுதான். ஒருத்தர்கிட்ட ‘எப்ப வருவே’ன்னு ஒரு தடவை கேட்டா அது கேள்வி. பதில் வரலைன்னு திரும்ப அதையே கேட்டா?”

“அண்ணன்கிட்ட நீங்க தினம் பத்து தடவை கேக்குறீங்க. அவர் அசையுறதே இல்லையே.”

அவளுக்குச் சிரிப்பு வந்து, பாதியில் போய்விட்டது. “ஒட்டுறதுக்கு முன்னாடி இருந்த பழசைப் போடு.”

போட்டான். முதல் முறை வலதுகை இடதுகைக்காகக் காத்திருந்தது. இரண்டாம் முறை காத்திருக்கவில்லை. ஒரு மயிரிழை முந்திக்கொண்டு வந்து, மறுபடி தயங்கி, மறுபடி முந்தியது. மெதுவாக இருந்ததே தவிர நிம்மதியாக இல்லை. எட்டு மாதம் வீட்டில் அவள் தேடியது அதைத்தான். கடைசி ஸ்வரத்துக்குப் பின் நீண்ட மௌனம். அதன் நடுவே நாற்காலி.

“கழுதை கத்துன மாதிரி இருக்கு அண்ணி.”

“சத்தத்தை மட்டும் எடுக்க முடியாதா?”

“எடுத்தா அந்த ஸ்வரம் அடங்குறதும் சேர்ந்து போயிடும். மறுபடி வாசிக்கலாம்னா நாம பதிவு பண்ணுன அந்தப் பியானோ அரங்கமும் இன்னிக்குக் கிடையாது. இதான் கடைசி வாய்ப்பு, ஞாபகம் இருக்கட்டும்.”

அது அவளுக்கு ஞாபகமில்லாமல் இல்லை. ஒட்டிய பதிவை மீண்டும் கேட்டாள். அழகாக இருந்தது, அதுதான் தொல்லை. குறை சொல்ல ஒரு இடம் இல்லை. தான் முந்திக்கொண்டது உண்மையிலேயே அர்த்தத்தோடுதானா, அல்லது அன்று விரல் நடுங்கியதா என்று ஒரு கணம் அவளுக்கே சந்தேகம் வந்தது. ஜன்னல்வரை போனாள். கண்ணாடியில் விரலால் அந்த வரியைத் தட்டிப் பார்த்தாள். விரல் தானாகவே முந்தியது. திரும்பி வந்தாள்.

“நான் வாசிச்சதையே அனுப்பு.”

“நாற்காலியோடவா?”

“நாற்காலியோட.”

“உங்க தலையெழுத்து.”

“தலையெழுத்தைக்கூட நீ வெட்டி ஒட்டிடுவே. அனுப்பு மொதல்ல.”

நாலே முக்காலுக்கு அனுப்பினான்.

டிசம்பரில் முடிவு வந்தது. நடுவர் மூவரில் ஒருவர் ஏற்றார், இருவர் மறுத்தார்கள். மெதுவான பகுதி இரண்டாம் முறையில் சீராக இல்லை என்பது காரணம். அந்த ஆண்டு நான்கு பேர் தேர்வானார்கள். அவள் அவர்களில் இல்லை.