சன்னலோரத்துப் பிரெஞ்சுக்காரி

இதனால் ஆரணி நகரத்துச் சகல ஜனங்களுக்கும், சுற்றுவட்டாரக் கலாரசிகப் பெருமக்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை, உலக சினிமாவின் போக்கையே புரட்டிப்போட்ட பிரெஞ்சு மௌனப்படம் ஒன்று, பட்டு நெய்யும் ஊர்களிலேயே முதன்முறையாக, திருமலை பட்டு மாளிகை மாடியில் திரையிடப்படும். காஞ்சிபுரத்துக்குக்கூட இந்தப் பாக்கியம் கிட்டியதில்லை.

நோட்டீஸின் கடைசி வரி கடைக்காரர் திருமலை சேர்த்தது. காஞ்சிபுரத்தை ஒரு குத்து குத்தாமல் அவரால் எதையும் அச்சடிக்க முடியாது. மற்றதெல்லாம் லோகநாதன் எழுதியது. மூன்று தாளைக் கிழித்துப்போட்டுத்தான் எழுதினார், நடையில் அது தெரியவில்லை.

லோகநாதன் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் குமாஸ்தா. அது வயிற்றுக்கு. ஊருக்கு அவர் ஆரணி உலகத் திரைப்பட ரசனை மன்றத்தின் செயலாளர். மன்றம் ஆறு வருடமாக மாதம் தவறாமல் கூடுகிறது. படம்தான் ஒன்றுகூடக் காட்டியதில்லை. படத்துக்குப் பதிலாக லோகநாதன் பேசுவார்.

பேச்சு எப்போதும் ஒன்றுதான். முதல் உலகப் போர் முடிந்த கையோடு பிரான்சில் சில இளைஞர்கள் கிளம்பினார்கள். கதை எதற்கு, நாடகம் எதற்கு, மனசுக்குள் ஓடுவதைத் திரையில் ஓட்டுவோம் என்றார்கள். அழுகிறவள் கண்ணுக்கு உலகம் கலங்கித் தெரிந்தால் கேமராவும் கலங்க வேண்டும் என்றார்கள். அதற்குப் பேர் இம்ப்ரெஷனிஸம். அந்த வார்த்தையை அவர் சொல்லும்போது முன்வரிசைக்காரர்கள் சற்றுப் பின்னால் நகர்ந்து முகத்தைத் துடைத்துக்கொள்வார்கள். பிறகு உதாரணத்துக்கு ஒரு படம். ஒரு பெண் சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். வரவேண்டியவன் வரவில்லை. மடியில் ஒரு பூனை. அவ்வளவுதான். இந்த இடத்தில் அவர் குரல் தழதழக்கும். உறுப்பினர்களில் பாதிப் பேர் கண்ணைத் துடைப்பார்கள். மீதிப் பேர் அவர்களைப் பார்த்துவிட்டுத் துடைப்பார்கள்.

கூடவே சில கண்டிப்புகளும் உண்டு. உயர்ந்த படத்தில் பாட்டு கிடையாது, சண்டை கிடையாது, முக்கியமாக இடைவேளை கிடையாது. முறுக்கு விற்பவனுக்காகக் கலையைப் பாதியில் வெட்டும் காட்டுமிராண்டித்தனம் இந்த நாட்டில்தான் என்று மேஜையைத் தட்டுவார்.

அந்தப் படத்தை லோகநாதன் பார்த்ததில்லை. அந்த வகையில் எந்தப் படத்தையுமே பார்த்ததில்லை. பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் அதைப் பற்றி ஒன்றரைப் பத்தி இருந்தது. மீதியைக் கிழித்து யாரோ வடை மடித்துவிட்டிருந்தார்கள். சன்னலும் பெண்ணும் அந்த ஒன்றரைப் பத்தியில் இருந்தன. பூனை லோகநாதனுடையது.

இத்தனை காலம் இதில் ஆபத்தில்லை. பிரான்ஸ் தூரத்தில் இருந்தது. திருமலைதான் கெடுத்தார். செயலாளருக்கு ஓர் இன்ப அதிர்ச்சி கொடுப்போம் என்று மெட்ராஸில் ஒரு திரைப்படச் சங்கத்தைப் பிடித்து, அதே படத்தையும், அதை ஓட்டப் புரொஜக்டரையும், புரொஜக்டரை ஓட்டத் தாவீது என்ற ஆபரேட்டரையும் ஏற்பாடு செய்துவிட்டார். சேதி கேட்டு லோகநாதன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். ஆனந்தத்தில் அவருக்குப் பேச்சே வரவில்லை என்று திருமலை ஊரெல்லாம் சொன்னார்.

அன்றிலிருந்து லோகநாதனுக்கு ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. கட்டுரை எழுதியவன் குடித்துவிட்டு எழுதியிருந்தால்? பெண்ணுக்குப் பதில் ஒரு மீசைக்காரன் உட்கார்ந்திருந்தால்? பூனை இருக்க வழியே இல்லை, அது நிச்சயம். சங்கத்தில் ஜரிகை கேட்டு வந்தவருக்குப் பட்டு நூலையும், நூல் கேட்டவருக்கு ஜரிகையையும் கொடுத்தனுப்பினார். போதாததற்கு மனைவி அபிதகுசாம்பாள் தோசையைத் திருப்பிக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் படத்த நீங்க எங்க பாத்தீங்க?"

"மெட்ராஸ்ல."

"மெட்ராஸ் போனது பல்லு புடுங்க. காலையில போயி சாயங்காலம் வாயப் பொத்திகினு வந்தீங்க."

அவர் இரண்டாவது தோசை கேட்கவில்லை.

கடைசியில் ஒரு வழி புலப்பட்டது. அந்த எண்பத்து மூன்றாம் வருடக் கோடையில், சாயங்காலம் ஏழு மணி ஆனால் ஆரணியில் கரண்ட் போய்விடும். ஊரில் கடிகாரத்தைத் திருத்துவதே அதை வைத்துத்தான். லோகநாதன் நிகழ்ச்சி நிரலைப் போர்த் தளபதியைப் போல் வகுத்தார். முதலில் கடவுள் வாழ்த்து, பிறகு வரவேற்பு, பொன்னாடை, தலைமையுரை, நீண்ட செயலாளர் உரை. ஏழுக்குக் கொஞ்சம் முன்னால் படம். படம் சூடு பிடிப்பதற்குள் ஊர் இருண்டுவிடும். மின்வெட்டைக் கண்டித்து ஒரு தீர்மானம், ஆளுக்கொரு சோடா, கலைந்துவிடலாம். பிரான்ஸ் மறுபடி தூரத்துக்குப் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் நிரலின்படியே நடந்தது. நெசவாளர்களும், வாத்தியார்களும், படம் பிரெஞ்சு என்பதால் வேறு எதையோ எதிர்பார்த்து வந்த வாலிபர்கள் சிலரும் மாடியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். திரைக்குப் பருத்தித் துணி கட்டத் திருமலையின் மானம் இடம்கொடுக்கவில்லை. இரண்டு வெண்பட்டு வேட்டிகளை மூட்டிக் கட்டியிருந்தார். நட்டநடுவில் ஜரிகைக்கரை மேலிருந்து கீழாக ஓடியது. தலைமை தாங்க, புதிதாக மாற்றலாகி வந்த ரங்கசாமி என்ற இன்ஜினீயரைத் திருமலை பிடித்து வந்திருந்தார். செயலாளர் உரை முடிந்து விளக்கை அணைக்கப் போனபோது ரங்கசாமி சாதாரணமாகச் சொன்னார்.

"ஏழு மணிக்குக் கரண்ட் போவாது. ஆபீசுல சொல்லிட்டுதான் வந்தேன். நீங்க பேஜாராவாம படத்தப் போடுங்க."

அவர் எந்த ஆபீஸ் இன்ஜினீயர் என்று லோகநாதனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

படம் ஓடியது. சக்கரம் சுற்றியது. தண்டவாளம் விரைந்தது. தண்ணீர் நெளிந்தது. மரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படர்ந்து, கலங்கி, தலைகீழாயின. எல்லாம் ஜரிகைக்கரைக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. பின்வரிசையில் ஒருவர், ஆபரேட்டர் சவுண்டு வை என்று குரல்கொடுத்து அடக்கப்பட்டார். லோகநாதன் திரையைப் பார்த்ததைவிடத் தலைக்கு மேல் மின்விசிறியைப் பார்த்ததுதான் அதிகம். ஏழு மணி வந்தது, போனது. விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது.

பெண் வரவில்லை. சன்னலும் வரவில்லை. திடீரென்று திரை வெளுத்தது. தாவீது விளக்கைப் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் மாடிப்படி இறங்கிப் போனார். சுபம் என்றுகூடப் போடவில்லையே என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

ரங்கசாமி நாற்காலியைத் திருப்பினார். "சார், எல்லாம் சரி. நீங்க சொன்ன அந்தப் பொம்பள எங்க?"

மாடி முழுக்க லோகநாதனையே பார்த்தது. வருடக்கணக்காகக் கண்ணைத் துடைத்தவர்கள் அத்தனை பேரும். லோகநாதன் எழுந்தார். எங்கிருந்து வந்ததோ, வந்தது.

"அவள எதுக்குங்க காட்டணும்? அவ உட்காந்துகினு இன்னா பாத்தாளோ, அதத்தான் நாம பாத்தோம். அந்தப் பட்டு வேட்டிதான் சன்னல். நாமதான் அந்தப் பொம்பள."

எல்லோரும் வேட்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ரங்கசாமி கை தட்டினார், மாடியே தட்டியது. திருமலை வாய்விட்டு அழுதார். நாமெல்லாம் பெண் என்றதும் கம்பராமாயணத்தில் ஓர் இடம் நினைவுக்கு வருவதாக ஒரு தமிழ் வாத்தியார் ஆரம்பித்தார், யாரும் கேட்கவில்லை. கைதட்டல் லோகநாதன் தலைக்கு ஏறியது. நிஜமாகவே ஒரு பெண்ணைக் கொண்டுவந்து சன்னலில் உட்காரவைத்திருந்தால், அதை எடுத்தவனைக் கலைஞன் என்றே தான் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றார். அவள் மடியில் பூனையையும் வைத்தால் அது சர்க்கஸ். பூனை என்று தான் சொல்லிவந்ததெல்லாம் அவள் மனசின் பிறாண்டலைத்தான் என்றார். ரங்கசாமி தன் பொன்னாடையை எடுத்து அவருக்குப் போர்த்தினார். நோட்டீஸ் அடித்த நாளுக்குப் பிறகு லோகநாதன் முதன்முறையாக நாற்காலியில் முதுகு சாய உட்கார்ந்தார்.

தாவீது வாயைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தார். பெட்டியிலிருந்து இன்னொரு தகர டப்பாவை எடுத்தார்.

"டீ நல்லா இருந்திச்சுங்க. பல்பும் ஆறிப்போச்சு. ரெண்டாவது ரீல் போட்டுரட்டுமா?"

திருமலை குழப்பத்தோடு செயலாளரைப் பார்த்தார். உயர்ந்த படத்தில்தான் இடைவேளை கிடையாதே.

"போடுப்பா, ஜல்தி," என்றார் ரங்கசாமி.

விளக்கு அணைந்தது. லோகநாதன் மேலே பார்த்தார். மின்விசிறி நன்றாகச் சுற்றியது.

சன்னல் வந்தது. பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் பூனை இருந்தது.