ஓட்டிஸ் நடந்த நாள்

படிக்க வரும் அம்மாக்கள் பகலில் குழந்தையை விட்டுப் போக எங்கள் உயர்நிலைப் பள்ளிக்கூடத்திலேயே ஒரு காப்பகம் இருக்கிறது; அங்கே ஒரு விதி உண்டு. குழந்தை முதல் தடவை நடந்தாலும் சரி, பேசினாலும் சரி, நாங்கள் வாயைத் திறக்கக் கூடாது. வீட்டில் அம்மா பார்ப்பதுதான் முதல் தடவை. குழந்தை வளர்ப்புப் பாடத்துக்காக அங்கே வேலை பழகும் எங்களுக்கு, டயபர் மாற்றக் கற்றுக்கொடுப்பதற்கு முன்பே எங்கள் டீச்சர் மிஸஸ் ஹால்விக் சொன்னது இதைத்தான். நல்ல விதிதான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் அந்த வெள்ளிக்கிழமை அதைத் தூக்கிக் குப்பையில் போடலாமா என்று ஆத்திரம் வந்தது.

ஓட்டிஸ் முந்தின நாளே நடந்துவிட்டான். பொம்மை அலமாரியிலிருந்து கையை எடுத்துவிட்டு, தத்தக்கா பித்தக்கா என்று வந்து என் மடியில் விழுந்தான். அவன் அம்மா பிரென்னா அப்போது மாடியில் வேதியியல் வகுப்பில் இருந்தாள். அவளுக்கும் என்னைப் போலப் பதினேழு வயதுதான்.

சனிக்கிழமை காலை அவன் அப்பாவைப் பெற்றவர்கள் வந்து அவனைத் தொலைதூரத்தில் இருக்கும் ஆரிகன் மாநிலத்துக்குக் கொண்டுபோகப் போகிறார்கள். குழந்தை அவர்களுக்குத்தான் என்று கோர்ட்டே சொல்லிவிட்டது. போவதற்குள் அவன் நடப்பதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் பாவம் அவள் ஆசை.

கடைசி மணி அடித்ததும் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"மார்லா, நடந்தானாடீ?"

"இல்லடீ. இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கான்."

"நாளைக்கு எனக்கு ஏதுடீ?"

அவள் பயணத்துக்கென்று வாங்கிய புது பூட்ஸை அவன் காலில் மாட்டி நிற்கவைத்தாள். பொத்தென்று உட்கார்ந்தான். மறுபடி நிறுத்தினாள். மறுபடி உட்கார்ந்தான்.

"அத கழட்டித் தொலைடீ! வெறுங்கால் தரையில பட்டாத்தான் புள்ள நடக்கும்," என்று எரிந்து விழுந்தேன்.

கழற்றினாள். அவனை அலமாரியைப் பிடித்துக்கொள்ள வைத்துவிட்டு, எதிரே மண்டியிட்டுக் கையை நீட்டினாள்.

"வாடா தங்கம், அம்மாகிட்ட வா."

அவன் ஓரத்தில் நின்ற என்னைப் பார்த்துச் சிரித்தான். பகலெல்லாம் ஊட்டிவிட்டதும் தூங்கவைத்ததும் நான்தானே, அவன் என்ன செய்வான்! அவள் கவனிப்பதற்குள் நகர்ந்து, அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, சத்தமில்லாமல் இரண்டு கையையும் விரித்தேன்.

அலமாரியை விட்டான். தள்ளாடித் தள்ளாடி என்னைப் பார்த்து வந்தவன், வழியில் இருந்த அவள் கையில் மாட்டிக்கொண்டான்.

"வந்துட்டான்டீ! என்கிட்ட வந்துட்டான்! பாத்தியா?"

பார்த்தேன். அவள் தோளுக்கு மேலே அவன் என் பக்கம் கையை நீட்டிக்கொண்டிருந்தான். நான் என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"இதான முதல் தடவ? சத்தியமா சொல்லு."

"சத்தியமா."

நான் தூக்கவில்லை என்றதும் அவன் வீறிட்டு அழுதான்.

"பிரியப்போறது புள்ளைக்கே தெரிஞ்சிடுச்சு பாரு," என்று அவள் அவனை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.